புளிய மரத்தடி இன்ஜினும் அதில் பொறித்த எண்ணும்

பாலமேட்டுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில், கரும்பு ஆலை ஓட்டுவதற்காக மரச்சட்டத்தின் மேல் ஏற்றி வைத்திருந்த நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைப் பார்க்க ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்துப் போனார்கள். அந்தக் குடும்பம் வெல்லம் காய்ச்சுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. புளிய மரத்தடியில் கிடந்த இன்ஜினைக் கோழிகள் தங்கள் இருப்பிடமாக ஆக்கிக்கொண்டிருந்தன. எச்சமும் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். போர் முடிந்த கையோடு அவருடைய அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பின் இன்ஜின் அது என்று அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். வெளியூர் மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது பின்னாளில் பம்பாயில் பூட்டிய ஜீப்பின் இன்ஜின் என்று சொல்லிவிட்டதால் பேரனுக்குப் பெரிய மனக்குறை. பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, எங்க அப்பா வாங்குனதுதானா இது? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடினோம் என்பதைச் சொல்வதற்கு முன், எண்களைப் படிப்பது பற்றி நான் கற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா மதுரையில் ஒரு பஸ் கம்பெனிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். மோட்டார் தொழில் இந்த ஊருக்குப் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழில், பஸ் ஓட்டுவதிலிருந்துதான் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டுவதற்கான கருவியையும் அந்த நிறுவனம் செய்து கொடுத்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிய கைகள் இருக்கும் ஊர் என்பதால்தான், இன்றைக்கும் இங்குள்ள பழைய இரும்புக் கடைகளில் குவியலைக் கிளறினால் எந்த நாட்டு வண்டியின் பாகமாவது ஒன்று கிடைத்துவிடுகிறது. அப்பா எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பார். அதில் என்ன எண் இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, புடைத்திருக்கிறதா பதிந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதி வைப்பார். நான் முப்பது ஆண்டுகள் உதிரி பாகக் கடையின் கவுன்ட்டரில் நின்றவன். அந்த நோட்டுதான் எனக்குப் பாடநூல்.

அதில் அப்பா முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, 'புடைப்பு வேறு, பதிவு வேறு, தகடு வேறு' என்பது. பழைய வண்டி வாங்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

புடைத்து நிற்கும் எண் வார்ப்பிலேயே வந்தது. உருக்கிய இரும்பையோ அலுமினியத்தையோ ஊற்றிய அச்சில் அந்த எண் இருந்ததால் பாகத்திலும் வந்திருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பிளாக்குகளிலும், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்களிலும், அதே எண்தான் இருக்கும். எந்த அச்சு என்பதை அது சொல்லுமே தவிர எந்த வண்டி என்பதைச் சொல்லாது. அதே வார்ப்பை வெவ்வேறு அளவுக்குக் கடைந்து வெவ்வேறு பாக எண்ணில் விற்பதும் உண்டு. எனவே வார்ப்பு எண்ணைக் கொண்டுவந்து "இந்த நம்பருக்குப் பிஸ்டன் கொடுங்கள்" என்று கேட்பவரிடம், போர் அளவை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, கேட்காமல் நான் பிஸ்டனை எடுத்து வைத்ததே இல்லை. பதிந்த எண், வேலை முடிந்த இன்ஜின் மேல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பஞ்ச் வைத்து அடித்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவது அதுதான். மூன்றாவது, ரிவெட் அடித்து ஒட்டிய தகடு. தகட்டைக் கழற்றி வேறு இன்ஜினில் பொருத்த ஒரு டிரில்லும் பத்து நிமிடமும் போதும். ஆகையால் தகடு சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் இரண்டாவது சாட்சி இல்லாமல் அதை ஏற்கக்கூடாது.

வார்ப்பு எண்களின் அருகே சில கம்பெனிகள் வார்த்த தேதியையும் வைத்தன. செவர்லே பிளாக்குகளில் ஓர் ஆங்கில எழுத்தும் அதையடுத்து இரண்டு மூன்று இலக்கங்களும் புடைத்திருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் என்றால் டிசம்பர். அடுத்தது தேதி, கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 'சி 14 8' என்று இருந்தால் எட்டில் முடியும் ஓர் ஆண்டின் மார்ச் 14. ஆனால் எந்த எட்டு? 216 கன அங்குல ஆறு சிலிண்டர் செவர்லே இன்ஜின் 1937 முதல் 1953 வரை வந்தது. ஆகவே அந்த எட்டு 1938ஆகவும் இருக்கலாம், 1948ஆகவும் இருக்கலாம். பத்தாண்டு வித்தியாசத்தை ஓர் இலக்கத்தால் தீர்க்க முடியாது. அந்த பிளாக்கின் வார்ப்பு எண்ணையும் கார்புரேட்டரையும் வண்டியின் சேஸிஸையும் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

தகட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. நகரில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் மோரிஸ் மைனர் கார் இருந்தது. தகட்டில் '9எம்-யு-எச்' என்று தொடங்கும் எண். பி.எம்.சி. கம்பெனி 1957 முதல் கையாண்ட முறை இது. 9 என்பது 948 சி.சி. இன்ஜின். எம் என்பது மோரிஸ். யு என்றால் கியர் கம்பி தரையின் நடுவில் இருப்பது. ஸ்டியரிங் தண்டில் கியர் இருந்தால் அங்கே என் என்று வரும். எச் என்றால் அதிக அழுத்த விகிதம், எல் என்றால் குறைந்த அழுத்த விகிதம். ஒரே வரியில் கொள்ளளவு, வண்டி, கியர், அழுத்தம் நான்கையும் சொல்லிவிடும் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் காரின் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி அளந்தபோது போர் 64.6 மில்லிமீட்டர் இருந்தது. 948 சி.சி. இன்ஜினின் போர் 62.9 மில்லிமீட்டர்தான். 64.6 என்பது அதன் தம்பியான 1,098 சி.சி. இன்ஜினின் அளவு. என்றைக்கோ பெரிய இன்ஜினை மாற்றிவிட்டு, ஆர்.சி.யோடு ஒத்துப்போகட்டும் என்று பழைய தகட்டைப் பிடுங்கி அதில் அடித்திருக்கிறார்கள். ரிவெட்டுகளைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கம்பெனி ரிவெட் மாதிரி இல்லாமல் தலை நசுங்கிக் கோணலாக இருந்தன. அந்த வழக்கறிஞர் அந்தக் காரை விற்கும்போது இந்த உண்மையை வாங்குபவரிடம் எழுத்தில் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

இதற்கு நேர்மாறாக, சரியான வண்டியைத் தவறு என்று சந்தேகப்பட்டதும் நடந்திருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று ராமேசுவரம் கப்பலில் கொண்டுவந்த இத்தாலிய வெஸ்பா ஸ்கூட்டர் அது. உடம்பில் 'வி.பி.பி.1.டி.' என்றும் இன்ஜினில் 'வி.பி.பி.1.எம்.' என்றும் இருந்தது. கடைசி எழுத்து மாறியிருப்பதால் இன்ஜின் வேறு வண்டியுடையது என்று எவரோ சொல்ல, வாங்க வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். இத்தாலிய மொழியில் வண்டிச் சட்டத்துக்கு 'டெலாயோ', இன்ஜினுக்கு 'மோட்டோரே' என்று பெயர். டி சட்டத்தைக் குறிக்கிறது, எம் இன்ஜினைக் குறிக்கிறது. இரண்டிலும் ஒரே எழுத்து இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஹெரால்டு கார்களின் இன்ஜின் எண் 'எச்.இ.' என்றோ 'எல்.இ.' என்றோ முடிவதும் இதே போன்றதுதான். அதிக அழுத்தமா குறைந்த அழுத்தமா என்பதை முதல் எழுத்தும், இது இன்ஜின் எண் என்பதை இரண்டாவது எழுத்தும் சொல்கின்றன.

இத்தனையும் தெரிந்த நானே ஒரு முறை ஏமாந்தேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1990களின் நடுவில், வெளியூர் வியாபாரி ஒருவரிடமிருந்து பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்றை வாங்கினேன். 496 சி.சி., சைடு வால்வு, 82 மில்லிமீட்டர் போர், 94 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சுமார் 1,26,000 வண்டிகள் செய்யப்பட்ட மாடல் அது. எம்20க்கு முன்னால் கே என்ற எழுத்து இருந்தால் 1939ஆம் ஆண்டு மாடல், டபிள்யூ இருந்தால் போர்க்காலத் தயாரிப்பு. நான் பார்த்த இன்ஜினில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் இடப்புறத்தில், சிலிண்டருக்குக் கீழே, டபிள்யூ.எம்.20 என்று தெளிவாக இருந்தது. எண்ணைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்த சுவடு இல்லை. எழுத்துகளின் வடிவம் சரி, ஆழம் சரி. மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

மெயின் பேரிங்குகளைப் புதிதாகப் போட்டு, அவற்றில் சுழலும் தண்டான கிராங்க்கைப் பூட்டினால் அது சுற்றவே மறுத்தது. போல்ட்டுகளைத் தளர்த்தினால் சுற்றும், இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் கழற்றிப் பூட்டிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. நான்காம் நாள் எங்களுடைய கடைசல் பட்டறைக்காரத் தம்பி வந்து, இரண்டு பாதிகளையும் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, பெருவிரலால் அழுக்கைத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, இது ரெண்டும் ஒரு தாய் பிள்ளை இல்லண்ணே."

அந்தக் காலப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் இன்ஜின்களில் கிராங்க்கேஸ் நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரியும். இரு பாதிகளையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் பேரிங் குழிகளைக் கடைவார்கள். அப்போதுதான் இரு பக்கக் குழிகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். கடைந்த ஜோடி பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இணைப்புக் கோட்டின் இரு பக்கமும் ஒரே சிறு எண்ணை அடித்து வைப்பது வழக்கம். ஆர்.சி.க்கு அந்த எண் தேவையில்லை. அதனால் எவரும் அதைப் பார்ப்பதில்லை. என்னுடைய இன்ஜினில் அந்த இரண்டு எண்களும் வெவ்வேறாக இருந்தன. எண் அடித்த இடப்பாதி உண்மையானது. வலப்பாதி வேறோர் இன்ஜினிலிருந்து வந்தது. வியாபாரிக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். கேட்டபோது, விற்ற பொருளைத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை என்றார். ஆனால் அடிப்பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. வலப்பாதியின் குழியைப் பெரிதாக்கி, புஷ் போட்டு, இரண்டையும் சேர்த்துப் பூட்டி மறுபடி கடைவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அப்பாவின் நோட்டில் அன்றிரவு நான் எழுதியது: 'பெரிய எண்ணைப் பார்த்த பின் சிறிய எண்களைத் தேடு.'

அந்தச் சிறிய எண்களைப் பற்றித்தான் எனக்குப் பேசி மாளாது. பெரிய எண் வண்டி பிறந்த அன்று அடித்தது. அதன் பிறகு அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சிறிய எண்கள்தான் வைத்திருக்கின்றன. பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் 'எஸ்.டி.டி.' என்றோ 020 என்றோ 040 என்றோ இருக்கும். முதலாவது, கம்பெனி அளவு. 020 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், சிலிண்டரை அகலப்படுத்தியிருக்கிறார்கள். திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட் 350ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். 040 பிஸ்டன் போட்ட புல்லட்டில் போர் 71 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கொள்ளளவு 356 சி.சி. அந்தப் பத்து சி.சி. பெரிதல்ல. இதுவரை எத்தனை முறை போர் போட்டிருக்கிறார்கள், இன்னும் எத்தனை முறை போட இடம் இருக்கிறது என்பதுதான் வாங்குபவருக்கு வேண்டிய செய்தி.

பேரிங் எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கடையில் அளந்து பார்க்கும் வெர்னியரே தேவைப்படாது. 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு உரியது. 6304 என்றால் 20 மில்லிமீட்டர். 04க்குக் கீழே மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அமால் மோனோபிளாக் கார்புரேட்டரின் உடம்பில் 376 என்ற எண்ணும் ஒரு சாய்கோடும் வேறோர் எண்ணும் இருக்கும். 375 சிறியது, 376 நடுத்தரம், 389 பெரியது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் எந்த வண்டிக்காக அது அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். புல்லட்டில் பின்னாளில் வந்த மிக்கார்ப் கார்புரேட்டரில் 'வி.எம்.24' என்று இருந்தால் 24 அதன் வாயகலம், மில்லிமீட்டரில். 1950களின் லூகாஸ் டைனமோக்களிலும் மேக்னெட்டோக்களிலும் பாக எண்ணுக்கு அருகே '6 58' போல இரண்டு எண்கள் இருக்கும். 1958 ஜூனில் செய்தது என்று பொருள். இன்ஜின் 1954ஆம் ஆண்டு என்று சொல்பவர் வண்டியில் 1958 டைனமோ இருந்தால் அது குற்றமல்ல. டைனமோ பழுதாகி மாற்றியிருப்பார்கள். ஆனால் டைனமோ, மேக்னெட்டோ, கார்புரேட்டர் மூன்றுமே 1958ஐச் சொல்லும்போது இன்ஜின் எண்ணை மறுபடியும் ஒரு முறை டார்ச் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண்ணைத் துலக்கும் முறையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துலக்குகிறேன் என்று அழித்தவர்கள் அதிகம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண்ணின் மேல் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பெயின்ட் இருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி அதனால் சுரண்டலாம். கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் இவை மூன்றும் அந்த இடத்தின் பக்கமே போகக்கூடாது. என் நண்பர் ஒருவர் தன்னுடைய ஜாவா இன்ஜினைப் பளபளப்பாக்குவதற்காக ஒரு பட்டறையில் கொடுத்தார். அது மைசூரில் செய்த 353 வகை, 250 சி.சி. இன்ஜின். அலுமினியம் கண்ணாடி போல் திரும்பி வந்தது. எண் இருந்த இடமும் கண்ணாடி போலவே இருந்தது. முப்பது ஆண்டுகளாக வைத்திருந்த வண்டியைத் தன்னுடையது என்று நிரூபிக்க அவர் அலைந்த அலைச்சலை அருகிலிருந்து பார்த்தவன் நான். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

துலக்கிய பின் டார்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில், பரப்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். புடைப்பு எண்ணாக இருந்தால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால் போதும். பதிந்த எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்சுக்கும் எடுப்பார்களே, அதேதான். மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்து, அசையாமல் ஒட்டி, 4பி பென்சிலின் பக்கவாட்டால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழுந்து வரும். மாங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் குகைகளின் மேல் இருக்கும் தமிழ் பிராமி எழுத்துகளை அறிஞர்கள் மைப்படி எடுப்பதைப் பள்ளி நாட்களில் ஆசிரியர் விளக்கியிருக்கிறார். கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வதைவிடப் படி எடுப்பது மேல் என்பதற்கு அவர் சொன்ன காரணம் இதற்கும் அப்படியே பொருந்தும். கண் தான் எதிர்பார்ப்பதையே காணும், தாள் இருப்பதைக் காட்டும். 3ஐ 8 என்றும், 1ஐ 7 என்றும், 5ஐ 6 என்றும் கண் படித்துவிடும்.

போலி எண்ணைக் கண்டுபிடிப்பதற்கும் அந்தப் படி உதவும். கம்பெனியில் எண் அடித்த பரப்பில், கடைந்த மெஷினின் மெல்லிய கோடுகள் எண்ணுக்கு வெளியேயும் எழுத்துகளுக்கு இடையேயும் தொடர்ச்சியாக ஓடும். தேய்த்து மறுபடி அடித்த இடத்தில் அந்தக் கோடுகள் இருக்காது, அல்லது வேறு திசையில் ஓடும். பரப்பே சற்றுக் குழிந்திருக்கும். பஞ்ச் அடிக்கும்போது உலோகம் பள்ளமாவதோடு நிற்காமல் அதற்கு அடியிலும் நசுங்குகிறது. அதனால்தான் மேலே தேய்த்து மழுங்கடித்த எஃகின் மேல், தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, தடய அறிவியல் ஆய்வகங்களில் பழைய எண்ணை மீட்டெடுக்க முடிகிறது. நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் அமிலத்தில் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுகின்றன. இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. எண் மங்கிவிட்டது என்று அதன் மேலேயே புதிதாகப் பஞ்ச் வைத்து அடிப்பவர்களிடம் நான் பல முறை சண்டை போட்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது சான்றை அழிப்பது, சட்டத்தின் முன்னும் நிற்காது. 2021இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று 'வி.ஏ.' வரிசையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு ஆசைப்பட்டு எண்ணை 'அழகுபடுத்தும்' பழக்கம் இப்போது கூடியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பாலமேட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறேன். அந்த இன்ஜினின் ஹெட் தட்டையாக இருந்தது. அதாவது வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை. பின்னாளில் வந்த சி.ஜே.3பி ஜீப்பின் இன்ஜினில் ஒரு வரிசை வால்வுகள் ஹெட்டுக்கு ஏறிவிட்டதால் அது உயரமாக இருக்கும். எனவே அந்த மாடல் இல்லை என்பது முதல் பார்வையிலேயே முடிவாயிற்று. ஆனால் தட்டை ஹெட் போருக்குப் பிந்தைய முதல் சில மாடல்களிலும் வந்தது. அவற்றில் எண் ஜே என்றோ 3ஜே என்றோ தொடங்கும். போர்க்கால ஜீப்பைப் பெருமளவில் இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் செய்தவை சுமார் 3,60,000, இன்ஜின் எண் எம்.பி. என்று தொடங்கும். ஃபோர்டு செய்தவை சுமார் 2,77,000, எண் ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கும். ஜி என்றால் அரசாங்க வண்டி, பி என்றால் முன் பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலத் தூரம், டபிள்யூ என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. ஆக, எல்லாம் பிளாக்கின் வலப்புற முன்மூலையில், வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு மேடையில்தான் இருந்தது.

முதல் நாள் மண்ணெண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலை பேரன் பிரஷ்ஷால் தேய்க்க, நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் டபிள்யூ தெரிந்தது. பிறகு பி. பிறகு ஜி. அதையடுத்து ஆறு இலக்கங்கள், ஒவ்வொன்றும் சற்று ஏறியும் இறங்கியும், கையால் அடித்தது தெரியும்படி இருந்தன. பென்சில் பிரிண்ட் நான்கு எடுத்தோம். மேனிஃபோல்டுப் பக்கம் துடைத்தபோது இரண்டு போல்ட் தலைகளில் எஃப் என்ற எழுத்து இருந்தது. ஃபோர்டு தன்னுடைய பாகங்களிலும் போல்ட்டுகளிலும் அந்த எழுத்தைப் பொறித்தது.

ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் 030. கம்பெனி அளவு 79.4 மில்லிமீட்டர், வெர்னியரில் 80.1 காட்டியது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர், "நான் சின்னப் பையனா இருக்கையில அப்பா இதை மாட்டு வண்டியில ஏத்தி மதுரைக்குக் கொண்டுபோயி போர் போட்டுட்டு வந்தாரு, எனக்கு வளையல் மிட்டாய் வாங்கியாந்தாரு" என்றார். அந்த 030 அவர் சொன்னதற்குச் சாட்சியாயிற்று.

ஆனாலும் அது போர்க்கால ஃபோர்டு இன்ஜின் என்பதுதான் நிரூபணமானதே தவிர, அவருடைய அப்பா வாங்கிய அதே ஜீப்பினுடையது என்பது நிரூபணமாகவில்லை. இன்ஜினை மட்டும் வேறெங்கோ வாங்கியிருக்கலாம். அப்போதுதான் பேரன், கிணற்றடியில் தண்ணீர் டேங்க் ஏற்றிய வண்டி ஒன்று கிடக்கிறது, அதன் அடிச்சட்டம் ஏதோ பழைய ஜீப்புடையது என்று சொல்வார்கள் என்றார். ஓடிப் போய்ப் பார்த்தோம். முன்பக்கக் குறுக்குச் சட்டம் கவிழ்த்த 'ப' வடிவத்தில் இருந்தது. வில்லிஸ் ஜீப்பில் அந்த இடத்தில் உருண்டைக் குழாய்தான் இருக்கும். இது ஃபோர்டு சட்டம். வில்லிஸ் தன் சட்டத்தில் இன்ஜின் எண்ணை அடிப்பதில்லை, வேறோர் எண்ணைத் தகட்டில் வைத்தது. ஃபோர்டோ தொழிற்சாலையில் இன்ஜினுக்கு அடித்த அதே எண்ணைச் சட்டத்தின் இடப்புறத் தண்டின் மேல்முகத்தில் அடித்தது.

அந்த இடத்தில் பத்து அடுக்குப் பெயின்டும் துருவும். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டினோம். ஜி.பி.டபிள்யூ. வந்தது. அடுத்து நான்கு இலக்கங்கள் வந்தன, இன்ஜினில் இருந்த அதே நான்கு, அதே வரிசையில். கடைசி இரண்டு இலக்கங்கள் இருந்த இடத்தைத் துரு தின்றுவிட்டிருந்தது. டார்ச்சை எத்தனை விதமாகச் சாய்த்தும், எத்தனை தாள் தேய்த்தும் அங்கே பள்ளமே இல்லை. "நாலு சரியா இருக்குல்ல, மீதி ரெண்டும் அதாத்தானே இருக்கும், எழுதிக் கொடுத்துருங்கண்ணே" என்று பேரன் கேட்டார். அவர் ஆசை எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே ஆசைதான்.

ஒரு வெள்ளைத் தாளில், மேலே இன்ஜினின் பென்சில் பிரிண்ட்டையும் கீழே சட்டத்தின் பென்சில் பிரிண்ட்டையும் ஒட்டினேன். பக்கத்தில் ஆறு இலக்கங்களையும், அதன் கீழே நான்கு இலக்கங்களையும் இரண்டு புள்ளிகளையும் எழுதினேன். பிஸ்டன் 030, போல்ட் தலையில் எஃப், குறுக்குச் சட்டம் கவிழ்த்த 'ப' என்று குறித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த இரண்டு புள்ளிகளின் மேல் விரலை வைத்து, "இது என்ன தம்பி?" என்றார். "அது படிக்க முடியல ஐயா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, தாளை மடிக்காமல், உள்ளே போய் அப்பா படத்தின் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.